‘ஆம்பளை மாதிரி’யா, ‘துணிச்சல்காரி’யா?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் காட்டில் ஒரு காலை. செடிகளுக்கு நடுவே காட்டுமாடு நிற்கிறது. முதுகில் இலைப்பையோடு முன்னால் போன அக்கா கத்தவில்லை. பின்னால் வந்தவர்களைக் கையால் தடுத்து, மெல்ல மேட்டுக்கு ஏற்றிவிட்டார். அப்புறம் மேஸ்திரி சொன்னார்: “ஆம்பளை மாதிரி நின்னுச்சு!” பாராட்டுதான். ஆனால் நின்றது அக்கா, பெயர் ஆம்பளைக்கு. (முதலில் ஓடியது மேஸ்திரி.) இதன் மறுபக்கம்தான் பயந்த பையனிடம் “வளையல் போட்டுக்கோ” என்பது.

கூட இருந்த ஆயா சொன்னது வேறு: “துணிச்சல்காரிடி நீ.” துணிதல் என்றால் முடிவெடுத்து இறங்குதல். யார் மாதிரியும் இல்லை, செய்த காரியம்தான் சொல்லில் இருக்கிறது. இதிலும் ஒரு முள் உண்டு: எதிர்த்துப் பேசும் மருமகளையும் இதே சொல்லால் குத்துவார்கள்.

குறள் 773 ‘பேராண்மை என்ப தறுகண்’ என்கிறது. தறுகண் என்றால் அஞ்சாமை. அந்தச் சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பேச்சில் அது வழக்கொழிந்து, ‘ஆண்மை’ மட்டும் நின்றுவிட்டது. சரி, தறுகண்ணைத் தேயிலைக் காட்டில் சொன்னால் சிரிப்பார்கள். முள் இருந்தாலும் என் ஓட்டு ஆயாவின் சொல்லுக்குத்தான்.