‘வெள்ளைக்காரன் பங்களா’ மட்டை: பழைய டென்னிஸ் ராக்கெட் வாங்குவோர் கவனத்துக்கு

சென்னையில் பழைய மர டென்னிஸ் மட்டைகளுக்கு இப்போது கிராக்கி வந்துவிட்டது. காபிக் கடைச் சுவரில் மாட்ட வாங்குகிறார்கள். பீரியட் படம் எடுப்பவர்கள் வாடகைக்குத் தேடுகிறார்கள். என்னைப் போல ஆசைக்குச் சேர்ப்பவர்களும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். வாங்க ஆள் வந்ததும் கதை கட்டி விற்கவும் ஆள் வந்துவிட்டார்கள். அப்படி ஒருவரிடம் நான் பணம் இழந்தேன். பெயரை எழுதப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவர் கையாளும் வித்தைகளை எழுதுவதில் தடை இல்லை.

முதலில் இந்த ஊரில் மட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் நல்லது. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அப்புறம் அமிர்தராஜ் சகோதரர்கள் வந்தார்கள். அந்தக் காலத்தில் டென்னிஸ் பைத்தியம் பிடித்த வீடுகள் மயிலாப்பூரிலும் கீழ்ப்பாக்கத்திலும் நிறைய. அந்த வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டும்போது பரண் காலியாகிறது. மட்டை காயலான் கடைக்குப் போகிறது, அங்கிருந்து பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வருகிறது. பெரும்பாலும் பஞ்சாபின் ஜலந்தரில் செய்தவை, நடுவில் டன்லப் மேக்ஸ்ப்ளை, ஸ்லாசெஞ்சர் என்று இங்கிலாந்து கம்பெனி மட்டைகள் சில. பிரிவினைக்கு முன் விளையாட்டுச் சாமானுக்குப் பெயர்போன ஊர், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட். 1947க்குப் பிறகு அங்கிருந்த தொழில்காரர்கள் பலர் ஜலந்தருக்கு வந்துவிட்டார்கள். அதனால் சியால்கோட் பெயர் அழியாமல் இருக்கும் மட்டை கிடைத்தால் நான் பேரம்கூடப் பேச மாட்டேன். ஆக, நிஜமான சரக்கு இந்த ஊரில் உண்டு. பொய்ச் சரக்கு விற்பவருக்கு அதுதான் வசதி.

என்னை ஏமாற்றியவர் ஒரு வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் அறிமுகமானார். மந்தைவெளிப் பக்கம் ஒரு வீட்டின் முன்னறையையே கடையாக வைத்திருக்கிறார். கிராமபோன், பித்தளை விளக்கு, பழைய கேமரா என்று எல்லாம் இருக்கிறது. நல்ல பேச்சு. காபி கொடுத்துவிட்டு உள்ளே போய், மரப் பிரஸ்ஸில் (மட்டை கோணாமல் இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) மாட்டிய மட்டை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“சார், இது வெள்ளைக்காரன் பங்களா சரக்கு. 1928. ஒரே மரத்துல வளைச்சது. இந்த மாதிரி மெட்ராஸ்ல இன்னொண்ணு கிடையாது.”

பிரஸ்ஸைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். “ஐயையோ, கழட்டினா வளைஞ்சிடும் சார். தொண்ணூறு வருஷ மரம்!” என்றார்.

இதைத்தான் நீங்கள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். பாதி உண்மையான பேச்சு இது. மர மட்டை ஈரத்தில் கோணிக்கொள்ளும், அதற்காகத்தான் நாலு மூலையிலும் விங் நட் வைத்த அந்தச் சட்டத்துக்குள் வைப்பார்கள். நம் கடற்கரை ஊர்க் காற்றில் பிரஸ் இல்லாமல் ஆணியில் தொங்கிய மட்டை பெரும்பாலும் நேராக இருக்காது. ஆனால் அஞ்சு நிமிஷம் கழற்றினால் எதுவும் ஆகாது. அந்தக் காலத்தில் தினமும் கழற்றி ஆடிவிட்டுத் திரும்ப மாட்டியவர்கள்தானே! பிரஸ்ஸின் கட்டைகள் மட்டையின் தலையை எங்கே மறைக்கின்றனவோ அங்கேதான் பார்க்க வேண்டிய விஷயமெல்லாம் இருக்கிறது. கழற்ற மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கூடவே ஒரு பழைய கடை ரசீது. மவுண்ட் ரோடு முகவரி, 1928 தேதி, மட்டையின் விலை. பழுப்பேறிய தாளை லேமினேட் செய்து வைத்திருந்தார், தொட்டுப் பார்க்க முடியாது. இதோடு அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் கிரேமர் பெயர் போட்ட வில்சன் கம்பெனி மட்டை ஒன்று. “இதுல பாருங்க, அவரே போட்ட கையெழுத்து” என்றார். முதலாவது 22,000, இரண்டாவது 6,500. முக்கால்வாசிப் பணத்தை யூபிஐயில் அனுப்பினேன். மீதியை ரொக்கமாகத்தான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பிரஸ்ஸைக் கழற்றியதும் வந்தது ஷூ பாலிஷ் வாசனை.

1920கள் வரை மட்டையின் தலை ஒரே ஆஷ் மரத் துண்டு. நீராவியில் வைத்து வளைப்பார்கள். பல மெல்லிய மரப் பட்டைகளை ஒட்டி வளைக்கும் அடுக்கு முறை 1930களில்தான் பரவியது. டன்லப் மேக்ஸ்ப்ளை 1931இல் வந்தது, ‘ப்ளை’ என்றால் அடுக்கு, பல அடுக்கு என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். பந்து அடிக்கும் பக்கம் மேலே இருக்கும்படி மட்டையைப் படுக்க வைத்து, தலைச் சட்டத்தின் முகப்பைப் பாருங்கள். ஒரே மரம் என்றால் ரேகை தொடர்ச்சியாக ஓடும். அடுக்கு மரம் என்றால் வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள் தெரியும். என்னுடையதில் அந்த முகப்பு முழுக்கக் கெட்டியான பழுப்புச் சாயம் பூசி, மேலே பாலிஷ் போட்டிருந்தது. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்ததும் துணி சிவந்தது, கீழே அழகான அடுக்குக் கோடுகள். பிற்காலத்து மட்டை ஒன்றின் பெயரையும் படத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வயசு கூட்டியிருக்கிறார்கள்.

கைப்பிடியில் இன்னும் உழைத்திருக்கிறார்கள். அந்தப் பழங்காலத்து மட்டைகளுக்குப் பெரும்பாலும் தோல் சுற்று கிடையாது. வெறும் மரக் கைப்பிடி, வழுக்காமல் இருக்க நெடுக மெல்லிய வரி போட்டிருப்பார்கள். இதில் தோலை உரித்துவிட்டு ரம்பத்தால் வரி கீறியிருக்கிறார்கள். வரியின் அடியில் மரம் வெளுத்துப் புதிதாக இருக்கிறது. பல வருடம் வியர்வை பட்ட கைப்பிடியில் பள்ளம்தான் முதலில் கறுக்கும். தோலை அடித்து நிறுத்தும் சின்ன ஆணியின் ஓட்டைகளும் அடி முனையில் அப்படியே இருந்தன, மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தபடி.

நரம்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்ததால் பெரியமேட்டில் எனக்கு ரொம்ப நாளாகக் கட்டிங் (மட்டைக்கு நரம்பு கட்டும் வேலை) போட்டுத் தரும் பாயிடம் கொண்டுபோனேன். தொட்ட உடனே சிரித்துவிட்டார். “தம்பி, இது நைலான். டிகாஷன்ல ஊறப் போட்டிருக்கான்.” முடிச்சுப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த நுனியை வெட்டித் தீக்குச்சியைக் காட்டினார். உருகி உருண்டையாயிற்று. மிருகக் குடலில் செய்த நிஜ நரம்பு என்றால் முடி கருகிய நாற்றம் அடித்துச் சாம்பலாகும். நைலானையே அமெரிக்காவில் 1930களில்தான் கண்டுபிடித்தார்கள். 1928 மட்டையில் பிறகு யாராவது கட்டிங் மாற்றியிருக்கலாம் என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம், அது நியாயம்தான். ஆனால் இவர் என்னிடம் விற்றது ‘ஒரிஜினல் குடல் நரம்பு, கை படாதது’ என்று.

ரசீதை அன்றைக்கு ராத்திரிதான் நிதானமாகப் படித்தேன். மட்டையின் விலை ரூ. 27.75 என்று டைப் அடித்திருந்தது. என் அம்மாவிடம் காட்டினேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “அப்ப ஏதுடா எழுபத்தஞ்சு காசு? பன்னெண்டணா இல்ல போட்டிருக்கணும்” என்றாள். சரிதானே! ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கு வந்தது 1957 ஏப்ரலில். அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. 1928இல் கடைக்காரர் அதை 27-12-0 என்றுதான் எழுதியிருப்பார். கள்ள ரசீது தயாரிப்பவருக்கு இவ்வளவு அலட்சியம் இருப்பதுதான் எனக்குக் கோபத்தைவிட அதிக வருத்தம் தந்தது.

கிரேமர் மட்டை விஷயம் சுருக்கமானது. மட்டை நிஜம்தான், கையெழுத்துதான் பொய். ஜாக் கிரேமர் 1947 விம்பிள்டன் சாம்பியன். அவர் பெயரில் வில்சன் வெளியிட்ட மட்டை 1980களின் தொடக்கம் வரை பல லட்சக் கணக்கில் விற்றது. அத்தனையிலும் அந்தக் கையெழுத்து அச்சில் வந்ததுதான். மேலே வார்னிஷ் இருக்கும், நகத்தால் தடவினால் மேடு பள்ளம் தெரியாது. வீரர் பெயர் போட்ட எந்த மட்டைக்கும் இதுவே கதை. நல்ல நிலையில் இருந்தாலும் வெளிநாட்டுப் பழைய சாமான் சந்தைகளில் இவை மலிவாகக் கிடைப்பவை. இங்கே கூடுதலாகக் கொடுப்பது அரிதாக இருப்பதற்கும் கப்பல் செலவுக்கும்தான். கையெழுத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

மறுபடி மந்தைவெளிக்குப் போனேன். முதலில் “பழைய பொருள்னா அப்படித்தான் சார்” என்றார். அடுக்குக் கோட்டைக் காட்டியதும் “எனக்கு வித்தவன் ஏமாத்திட்டான்” என்றார். ரசீதைக் காட்டியதும் குரல் மாறிவிட்டது: “வாங்கும்போது பார்த்துத்தானே வாங்கினீங்க?” கடைசியில் 22,000 மட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு 15,000 கொடுத்தார். மீதி 7,000 ‘கமிஷன், பாலிஷ் செலவு’. பாலிஷ் செலவாம்! ரசீதையும் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிவிட்டார். நல்லவேளை, எல்லாவற்றையும் அதற்கு முன்பே போட்டோ எடுத்து வைத்திருந்தேன். பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசினேன். அவர்கள் சொன்னபடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே புகார் போட்டிருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வாங்கிய இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. யூபிஐயில் போன தொகைக்கு அத்தாட்சி இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்ததற்கு வாட்ஸ்அப் பேச்சு மட்டும்தான். ரொக்கம் கேட்டால் தாளில் எழுதி வாங்குங்கள்: எந்த மட்டை, எந்த வருடம், என்ன நரம்பு, என்ன விலை. எழுதித் தர மறுக்கிறவர் வாயால் சொன்ன வருடத்தை நம்ப வேண்டியதில்லை.

இப்போது இந்தப் பதிவை அவசரமாக எழுதக் காரணம், போன வாரம் நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பிய படம். அதே மட்டை மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. கைப்பிடியில் தோல் ஏறிவிட்டது. வெள்ளைக்காரனும் போய்விட்டான், 1928உம் போய்விட்டது. இப்போது அது ‘1960 விம்பிள்டனில் ராமநாதன் கிருஷ்ணன் ஆடிய மட்டை’, விலை 35,000. கிருஷ்ணன் நீல் ஃப்ரேசரிடம் தோற்ற அந்த அரையிறுதிக்குப் பத்திரிகைப் படங்கள் இருக்கின்றன. பெரிய ஆட்டக்காரர் பெயரைச் சொல்லி யாராவது விற்றால் அந்தக் காலத்துப் படத்தோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மட்டையின் தோள்பட்டை வடிவமும் கோடுகளும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குடும்பத்தினர் எழுதிக் கொடுத்த கடிதம் இருந்தால் அந்தக் குடும்பத்திடமே விசாரியுங்கள்.

மட்டையின் அடையாளங்கள்: தலையின் இடது பக்கம், கழுத்திலிருந்து மேலே போகும்போது நாலாவது நரம்பு ஓட்டையை ஒட்டி ஒரு விரிசல், பழுப்புப் பசையால் அடைத்தது. கழுத்து முக்கோணத்தின் பின்பக்கம், பாலிஷுக்கு அடியில், தேய்த்தும் போகாத பச்சைப் பெயின்ட் ஒரு கீற்று. புதுத் தோலின் கடைசிச் சுற்றைத் தூக்கினால் ரம்பத்தால் கீறிய வரிகள் இருக்கும். மட்டையை ஒரு கண்ணாடி மேஜையில் படுக்க வைத்தால் வலது தோள் ஒரு தீப்பெட்டி நுழையும் அளவுக்கு எழும்பி நிற்கும். வாங்கப் போகிறவர் முதலில் பிரஸ்ஸைக் கழற்றச் சொல்லுங்கள். இந்த அடையாளங்களைப் பார்த்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.