ரோட்டரி எஞ்சின் சீல்: எதில் மிச்சம் பிடிக்கலாம்?

மாஸ்டா 13பி ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாக இரண்டு முக்கோண ரோட்டர்கள் ஹவுசிங் என்ற உறைக்குள் சுழலும். இடுக்குகளில் கசிவைத் தடுப்பவைதான் சீல்கள். இந்த எஞ்சினைப் புதுப்பிக்க முழு சீல் கிட்டின் விலையைக் கேட்டதும் பலரும் ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீலை மலிவாகத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். நானோ அந்த ஆறு சீலின் செலவில் கடைசியாகத்தான் கை வைப்பேன். இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து முனைகளின் ஓரத்தில் 12 கார்னர் சீல், பக்கவாட்டில் 12 சைடு சீல், எண்ணெயைத் தடுக்க 8 ஆயில் ரிங் இருக்கின்றன. மிச்சம் பிடிக்க இடம் அங்கேதான் இருக்கிறது.

ஏபெக்ஸ் சீலில் மாஸ்டாவின் அசல் சரக்கு வார்ப்பிரும்பு. உரசும் விளிம்பு மட்டும் கடினமாக்கப்பட்டது. டர்போ இல்லாத ஆர்எக்ஸ்-7 காருக்கு இதுவே போதும். நெடுங்காலம் உழைக்கும், ஹவுசிங்கின் குரோம் பூச்சையும் அதிகம் தேய்க்காது. ஆனால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்தால் வளையாது, உடையும். உடைந்த துண்டு குரோமைக் கீறிவிட்டு எக்ஸாஸ்ட் வழியாகப் போய், டர்போ இருந்தால் அதன் சக்கரத்தையும் பதம் பார்க்கும்.

அதற்கு மாற்றாகத்தான் கூப்பி, ஆர்ஏ போன்ற வெளி நிறுவனங்களின் எஃகு சீல்கள் வந்தன. இவை நாக்கிங்கில் வளையும், அவ்வளவு எளிதில் உடையாது. பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) ஏற்றி ஓட்டுகிறவருக்கு நல்ல காப்பீடு. ஆனால் வளைந்த சீல் கம்ப்ரஷனைப் பிடிக்காது, எஞ்சினை மறுபடி பிரித்தாக வேண்டும். ஹவுசிங்காவது பிழைத்ததே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். யார் தயாரித்தது என்றே தெரியாத, பாதி விலைச் சீல்கள் வேறு கதை. கடினம் எவ்வளவு என்று தெரியாத உலோகத்தை குரோமில் உரசவிட எனக்குத் துணிவில்லை. ஒரு புது ரோட்டர் ஹவுசிங்கின் விலை ஆறு ஏபெக்ஸ் சீலின் விலையைவிட அதிகம்.

செராமிக் சீலும் உண்டு. 1991-இல் லெ மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரில் இருந்தது அதுதான். அருமையான பொருள், ஆனால் பட்ஜெட் பேசுகிற இடத்தில் அதற்கு வேலை இல்லை.

சரி, சைடு சீலுக்கு வருவோம். பழையதை அப்படியே தூக்கி எறிய வேண்டாம். ரோட்டரின் பள்ளத்தில் வைத்து, ஒரு முனையைக் கார்னர் சீலோடு ஒட்டித் தள்ளி, மறுமுனை இடைவெளியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.05 முதல் 0.15 மி.மீ. வரை இருந்தால் கச்சிதம், 0.4-ஐத் தாண்டினால் அது கழிவு. புதிது வாங்கினாலும் பெரும்பாலும் சற்று நீளமாகவே வரும், முனையை அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். முனை நேர்க்கோடாக இருக்கக் கூடாது. கார்னர் சீலின் வளைவுக்கு ஒத்துப்போக வேண்டும். இரண்டு இழுப்பு, ஒரு அளவு என்று பொறுமையாகப் போகிறவருக்கு இந்த வேலைக்குக் கூலி மிச்சம். அளவாக வெட்டி விற்கும் சீல்களும் உண்டு. விலை கூடுதல், ஆனாலும் அளந்துதான் மாட்ட வேண்டும்.

கார்னர் சீல் பள்ளத்தில் ஆடாமல் உட்கார்ந்தால் மறுபடி போடலாம். உலோக ஆயில் ரிங்கும் அப்படித்தான், விளிம்பு தேய்ந்து அகலமாகாத வரை. ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்றிவிடுங்கள். சூட்டில் தளர்ந்தவை சீலைத் தள்ளாது.

ரப்பரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆயில் ரிங்குக்குள் இருக்கும் ஓ-ரிங் வெந்து கல்லானால் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வரும். கூலன்ட் சீல் பழுதானால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் எரியறைக்குள் இறங்கும். இரண்டுக்கும் மாஸ்டாவுடையது, இல்லாவிட்டால் சூடு தாங்கும் விட்டான் வகை. கடைத்தெரு சாதா ரப்பரை இங்கே போடவே போடாதீர்கள்.

ஆர்டர் போடுமுன் எஞ்சினின் வருடத்தைப் பாருங்கள். 1985 வரையிலான 13பி-யில் ஏபெக்ஸ் சீலின் தடிமன் 3 மி.மீ., 1986 முதல் 2 மி.மீ. கூலன்ட் சீலின் பள்ளம்கூட அப்போது ரோட்டர் ஹவுசிங்கிலிருந்து சைடு ஹவுசிங்குக்கு இடம் மாறியது. பிற்கால ஆர்எக்ஸ்-8 காரின் ஏபெக்ஸ் சீல் 2 மி.மீ. ஆனாலும் உயரம் குறைவு. பழைய ரோட்டருக்கு ஆகாது.