ஊத்திக்கிட்ட மியூசிக்கல்களோட ஆல்பம் கேக்கலாமா? காரைக்குடியிலேர்ந்து ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், ஹிட்டு மியூசிக்கல் பத்தி தெரிஞ்சுக்கணும்னு வந்தவங்க அப்படியே திரும்பிரலாம். நியூயார்க்ல பெரிய தியேட்டருங்க இருக்குற பிராட்வேலயும் லண்டன்லயும் கோடி கோடியா கொட்டி பாட்டு நாடகம் போட்டு, கைய சுட்டுக்கிட்டு, மூட்டைய கட்டின ஷோக்கள் இருக்குல்ல, அந்த ஷோக்களோட ஆல்பத்த மட்டும் தேடிப்பிடிச்சு கேக்குற கிறுக்கு எனக்கு. அங்க போயி டிக்கெட் எடுத்து பாக்குற வசதியெல்லாம் நமக்கு ஏது, ஆனா மாசாமாசம் காசு கட்டுற பாட்டு ஆப் ஒண்ணு போன்ல இருந்தா காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல புதுக்கோட்டை வண்டிக்கு நின்னுக்கிட்டே 1981ல 16 ஷோவோட படுத்துருச்சுன்னு எழுதி முடிச்ச நாடகத்த முழுசா கேக்கலாம். எந்த ஆல்பத்துக்கு ஒரு மணி நேரம் குடுக்கலாம், எத தாண்டி போயிரலாம்னு தான் இந்த ரிவ்யூ.

அங்கிட்டு ஒரு ஷோ ஊத்திக்கிச்சுன்னா என்ன கணக்குன்னு தெரியணும். முதலீட்டாளர்கள் மொதல்ல ஒரு பெரிய தொகைய போடுவாங்க, செட்டு, டிரெஸ்சு, ரிகர்சல் எல்லாம் அதுல. அப்பறம் ஷோ ஓடுற ஒவ்வொரு வாரமும் தியேட்டர் வாடகை, நடிகர் சம்பளம், வாத்தியக்காரங்க சம்பளம், விளம்பரம்னு தனி செலவு. வாரச் செலவு போக டிக்கெட்ல மிச்சம் நிக்கிறது தான் போட்ட முதலுக்கு திரும்பும். பாதிக்கு மேல ஷோக்களுக்கு அந்த முதல் முழுசா திரும்பறதே இல்ல. நம்ம பக்கத்து நாடகத்துக்கு இந்த தலைவலியே கெடையாது பாருங்க. திருவிழாவுக்கு தலைக்கட்டு வரி போட்டு, ராஜபார்ட்டு தனியா, ஸ்த்ரீபார்ட்டு தனியா, பபூன் தனியா, ஆர்மோனியம் தனியான்னு பேசி தேதி வாங்கி, விடிய விடிய வள்ளி திருமணம் போடுவாங்க, சனம் காசு குடுக்காம மணல்ல உக்காந்து பாக்கும். நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்றது சரியில்லன்னா பாய சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு போயிரும், ஆனா பேசின சம்பளம் பேசினது தான். அதனால நம்ம ஊர்ல நாடகம் சொதப்பலாம், நட்டமாகறது ரெம்ப அபூர்வம். இந்த மாதிரி நாடகங்கள எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல போயி சேந்துட்டாரு, அவரு நாடகத்துக்கு வசூல் எவ்வளவுன்னா எவனும் கேக்குறான், பாட்டு இன்னும் நிக்குதான்னு தான கேக்குறோம். நானும் அந்த தராசுல தான் இந்த ஆல்பங்கள நிறுத்துறேன். ஷோ ஊத்திக்கிட்டது வேற, பாட்டு ஊத்திக்கிட்டது வேற.

மொத ஆல்பம் 'மெர்ரிலி வீ ரோல் அலாங்', 1981 ஒரிஜினல். கண்ண மூடிக்கிட்டு கேளுங்க. பாட்டு ஸ்டீஃபன் சோண்ட்ஹைம், டைரக்ஷன் ஹால் பிரின்ஸ், ரெண்டு பேரும் சேந்து அதுக்கு முன்னாடி வருசையா பேரெடுத்தவங்க, 1979ல தான் 'ஸ்வீனி டாட்' குடுத்திருந்தாங்க. இதுல கதை பின்னாலேர்ந்து முன்னால போகும். காசு பணம் சேத்துட்டு சேக்காளிகள தொலைச்ச ஒரு மியூசிக் டைரக்டர்ல ஆரம்பிச்சு, வருசம் வருசமா பின்னாடி போயி, அவனும் ரெண்டு சேக்காளிகளுமா மூணு பேரும் மொட்டை மாடியில நின்னு 1957ல ஸ்புட்னிக் வானத்துல போறத பாக்குற வயசுக்கு கொண்டு போயி விட்டுரும். நடிச்சது பூராவும் சின்னப் பசங்க, இருபது வயசு பய நாப்பது வயசுக்காரனா வந்து நிக்கிறான், கதையும் தலைகீழ, பாக்க வந்த ஆளுகளுக்கு யாரு யாருன்னே புரியல. ஓப்பனிங்குக்கு முன்னாடி ஒத்திகை மாதிரி போடற பிரிவ்யூ ஷோ நடக்குறப்பவே ஹீரோவ மாத்தினாங்க, டான்ஸ் மாஸ்டர மாத்தினாங்க, தச்சு வெச்ச டிரெஸ்ஸயெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, அந்தந்த ஆளு கதையில யாருன்னு நெஞ்சுல எழுதின சட்டைய மாட்டி விட்டாங்க! நம்ம ஊர்ல வேலப் புடிச்சுக்கிட்டு வந்தா முருகன், தம்புராவோட வந்தா நாரதர்னு சின்னப்புள்ளைக்கும் தெரியும், அவங்க பாவம் சட்டையில எழுதி ஒட்ட வேண்டியதா போச்சு.

நவம்பர் 16 ஆரம்பம், 28ம் தேதி மூடியாச்சு. மறுநாளே அந்தப் பசங்க ஸ்டூடியோவுக்கு போயி ஆல்பத்த பாடி முடிச்சாங்க, இது தான் விசயம். நேத்து ராத்திரி வேலை போன ஆளுக பாடறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அந்த கடைசி மொட்டை மாடி பாட்ட 'அவர் டைம்' கேளுங்க, இனிமே தான் நம்ம காலம்னு நம்பிக்கையோட பாடற பாட்டு அது, எனக்கு ஒவ்வொரு வாட்டியும் தொண்டைய அடைச்சுரும். 'நாட் எ டே கோஸ் பை'ன்னு ஒரு பாட்டு ரெண்டு வாட்டி வரும், மொதல்ல கல்யாணம் முறியற எடத்துல, அப்பறம் அந்தக் கல்யாணமே நடக்குற எடத்துல. நாள் தவறாம உன் நெனப்புன்னு பாடற அதே வரி, மொத தடவை சாபம் மாதிரி இருக்கும், ரெண்டாவது தடவை சத்தியம் மாதிரி இருக்கும், கதை பின்னால போறதோட மொத்த அர்த்தமும் அங்க தான் பிடிபடும். மேடையில பாத்தவங்களுக்கு பிடிபடாம போனது ஆல்பத்துல பிடிபடுது ஏன்னா நமக்கு அந்த சட்டையும் தெரியாது செட்டும் தெரியாது, குரல் மட்டும் தான். 2023ல திரும்ப பிராட்வேல போட்டப்ப, ஹாரி பாட்டரா வந்த டேனியல் ராட்கிளிஃப் எல்லாம் நடிச்சு, 2024ல பிராட்வே நாடகங்களுக்கு குடுக்குற டோனி அவார்டும் வாங்கி போட்ட காசையும் எடுத்துருச்சு. புது ஆல்பமும் ஆப்ல இருக்கு, நல்லா துப்புரவா இருக்கு, பழசுல இருந்த அந்த ஸ்கூல் பட்டமளிப்பு பாட்டு இதுல கெடையாது. எனக்கு பழசு தான், அந்த ஆரம்ப ட்ரம்பெட்டுக்கே காசு.

எங்க அப்பத்தா ஒரு நா முத்தத்துல வத்தல் காய வெச்சுக்கிட்டு இருக்கறப்ப ஸ்பீக்கர்ல இத போட்டேன். ஒரு வார்த்தை புரியாது அவுகளுக்கு. கொஞ்ச நேரம் கேட்டுப்புட்டு, "நல்லாத்தானய்யா பாடுறாக, பெறகு ஏன் ஓடலைங்கிறே?"ன்னு கேட்டாக. அந்த ஊரு விமர்சகர்களும் அப்பவே பாட்ட பெருசா கொற சொல்லல, கதைய தான் வெளுத்தாங்க.

அடுத்தது 'கேரி', 1988. இது வேற ரகம். ஸ்கூல்ல எல்லாரும் சேந்து கேலி பண்ற ஒரு பொண்ணு, மனசாலயே பொருள நகத்துற சக்தி, சாமி கிறுக்கு புடிச்ச அம்மா, கடைசியில ரத்தக்களறி, இத மியூசிக்கலா போடலாம்னு இங்கிலாந்தோட பெரிய நாடகக் குழுவான ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியே எறங்குச்சு. இங்கிலாந்துல ஓடறப்பவே செட்டோட ஒரு பாகத்துக்கிட்டேர்ந்து அம்மா வேசம் போட்ட பார்பரா குக் தலை நூலிழையில தப்பிச்சுது, அவங்க அந்த ஓட்டத்தோட விலகிட்டாங்க. நியூயார்க்ல ஓப்பனிங் ஆன பெறகு 5 ஷோ. 70 லட்சம் டாலருக்கு மேல போச்சு. பன்னிய கொன்னு ரத்தம் எடுக்குறதுக்கு ஒரு டான்ஸ் பாட்டே இருந்துச்சுன்னா பாத்துக்குங்க. ஆனா ஆப்ல தேடினா வர்றது அது இல்ல, 1988 ஷோவுக்கு ஆல்பமே போடல, தியேட்டர்ல ஒளிச்சு ரெக்கார்ட் பண்ணின டேப்பு தான் ரசிகர்கள் கையில சுத்திக்கிட்டு இருந்துச்சு. நமக்கு கெடைக்கிறது 2012ல சின்ன தியேட்டர்ல திருத்திப் போட்டதோட ஆல்பம், பன்னிப் பாட்டு அதுல இல்ல. அம்மாவும் மகளும் மோதற 'அண்ட் ஈவ் வாஸ் வீக்' மட்டும் கேளுங்க, சும்மா அதிரும். மத்தத எல்லாம் சாவகாசமா கேட்டா போதும், கேக்காட்டியும் குடி முழுகிப் போகாது.

இப்ப நம்மாளு. ஏ.ஆர்.ரஹ்மான் மேடைக்கு போட்ட ரெண்டு மியூசிக்கல பத்தி நம்ம பக்கம் பேசறவங்களே ரெம்ப கம்மி, எனக்கு இது பெரிய ஆதங்கம். 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002ல லண்டன்ல ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஓடுச்சு, அத ஃப்ளாப்புன்னு சொல்ல முடியாது. 2004ல பிராட்வேக்கு கொண்டு போனாங்க, 284 ஷோ, 2005 புத்தாண்டு அன்னைக்கே மூடுவிழா. ஆல்பத்துல நம்ம காதுக்கு ஒரு சிக்கல் இருக்கு, 'முதல்வன்' ஷகலக பேபியும் 'உயிரே' தய்யா தய்யாவும் அங்க வேற ஆளுக குரல்ல வர்றப்ப மனசு ஒரிஜினலுக்கு ஓடிப்போயிரும். வெள்ளைக்காரங்களுக்கு அது புதுசு, நமக்கு கல்யாண மண்டபத்துல கேட்டு தேஞ்ச பாட்டு. ஆனா 'தி ஜர்னி ஹோம்' ஒண்ணு இருக்கு, அது அந்த ஆல்பத்துக்கே முழு நியாயம் பண்ணிரும்.

ரெண்டாவது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. 2006 டொரண்டோ, ஏறக்கொறைய 2 கோடியே 80 லட்சம் கனடா டாலர் செலவுன்னாங்க, ஆறு மாசம் கூட தாங்கல. மேடைத் தரையே சுத்தும், அதுக்குள்ள 17 லிஃப்ட்டு ஏறி எறங்கும், மூணு பெரிய புஸ்தகத்த ஒரே ராத்திரியில அடைக்கணும், அப்பறம் பாட்டு எங்க மூச்சு விடறது? 2007ல லண்டனுக்கு சுருக்கி கொண்டு போனாங்க, 2008 ஜூலையில அதுவும் நின்னுருச்சு. ரஹ்மான் கூட ஃபின்லாந்து நாட்டுப்புற பாட்டுக்காரங்க வார்த்தினாவும் சேந்து போட்ட மியூசிக். லண்டன் ஆல்பத்த ராத்திரி விளக்க அணைச்சுட்டு ஹெட்ஃபோன்ல கேளுங்க, அந்த ஃபின்லாந்து பொம்பளைங்க குரல் ஒண்ணு மேல ஒண்ணா ஏறி வர்றது இருக்கே! கதையில வர்ற ரெண்டு சேக்காளிகளும் பாடற 'நவ் அண்ட் ஃபார் ஆல்வேஸ்' தமிழ்ல யாராச்சும் போட்டிருந்தா பட்டி தொட்டியெல்லாம் போயிருக்கும். 2023ல இங்கிலாந்துல வாட்டர்மில்னு ஒரு சின்ன தியேட்டர்ல, நடிகர்களே வாத்தியம் வாசிச்சு, தோட்டத்துலயும் சேத்து நடத்தினாங்க, லிஃப்ட்டு கிஃப்ட்டு எதுவும் இல்லாம, அதுக்கு நல்ல பேரு. நம்ம பொட்டல் நாடகக்காரங்கள கேட்டிருந்தா 2006லயே சொல்லியிருப்பாங்க.

'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்' ஆல்பம் வேணாம். யூ2ன்னு அயர்லாந்து ராக் பாண்டு ஆளுக போட்ட மியூசிக், ஒரு பாட்டும் நெஞ்சுல ஒட்டல. ஆனா அதோட கணக்கு மட்டும் செட்டிநாட்டுக்காரங்க படிக்க வேண்டியது. 7 கோடியே 50 லட்சம் டாலர் முதல், 182 பிரிவ்யூ, கம்பியில தொங்கற ஸ்டண்ட்டுல ஆளுக அடிபட்டு ஆஸ்பத்திரி, 2011 ஜூன்ல ஒருவழியா ஓப்பனிங், 2014 ஜனவரி வரைக்கும் ஆயிரம் ஷோவுக்கு மேல. இவ்வளவு கூட்டம் வந்தும் வாரச் செலவே 10 லட்சம் டாலர தாண்டினா பேரேட்டுல என்ன மிஞ்சும். ஐந்தொகை போடத் தெரிஞ்ச பழைய கணக்கப்பிள்ளை யாராச்சும் மொத வாரமே கடைய சாத்த சொல்லியிருப்பாரு.

சும்மா சொல்லக்கூடாது, நம்ம ஊரு ஆளும் இதுல சூடு பட்டவரு தான். ஏவி.மெய்யப்பன் இசைத்தட்டு வியாபாரத்துலேர்ந்து சினிமாவுக்கு வந்து 1935ல எடுத்த மொத படம் 'அல்லி அர்ஜுனா', நாடக மேடையில சனம் பாத்து பழகின கதை தான், படம் படுத்துருச்சு. அடுத்த 'ரத்னாவளி'யும் அதே கதி.

ஆப்புக்கு வருவோம், பேரு சொல்லல. ஃப்ரீ பிளான்ல மியூசிக்கல் கேக்காதீங்க, கட்டாயம் ஷஃபிள் பண்ணிரும், 'மெர்ரிலி' ஏற்கனவே தலைகீழ் கதை, அத வேற கலைச்சு போட்டா ஆண்டவனுக்கே புரியாது. அழுகை சீனுக்கு நடுவுல வீட்டுக்கடன் விளம்பரம் வரும். காசு கட்டினாலும் எந்த வருசத்து ஷோ, யாரு எந்த வேசம், இந்தப் பாட்டுக்கு முன்னாடி கதையில என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி போட மாட்டேங்கிறான், பழைய எல்.பி. இசைத்தட்டு அட்டைக்கு பின்னாடி கூட இதெல்லாம் அச்சடிச்சு குடுத்தாங்க. ஒரே ஷோவுக்கு நாலு வெர்ஷன் இருந்தா எது ஒரிஜினல்னு வருசத்த பாத்து நீங்களே தேடிக்கணும். ஒரு நல்ல விசயம், முழு ஆல்பத்தையும் டவுன்லோட் பண்ணி வெச்சுக்கலாம், திருமயம் தாண்டி சிக்னல் போனாலும் பாட்டு நிக்காது. அந்த ஒரு காரணத்துக்காக காசு கட்டிக்கிட்டு இருக்கேன்.

புதுசா ஆரம்பிக்கறவங்க 'மெர்ரிலி' 1981, அப்பறம் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' லண்டன், அப்பறமும் ஆசை இருந்தா 1964ல 9 ஷோவோட மூடின 'எனிஒன் கேன் விசில்'. அதுவும் சோண்ட்ஹைம் தான், அதையும் ஷோ மூடின பெறகு தான் ரெக்கார்ட் பண்ணினாங்க. கதை ஒரே குழப்பம், அத விளங்கிக்க மெனக்கெடாதீங்க, டைட்டில் பாட்டுக்கு நேரா போயிருங்க.