ரேம் வாங்குவதா, சேமிப்பதைக் குறைப்பதா?

ஒரு கட்டுமானம் நிலநடுக்கத்தில் எப்படி அசையும் என்று கணினியில் ஓட்டும் கணிப்பு பாதியில் நின்றுவிட்டால் பலருக்கும் முதலில் தோன்றுவது, "16 ஜிபி ரேம் போட்டால் சரி" என்பதுதான். திருகோணமலை உவர்மலையில் 8 ஜிபி மடிக்கணினியில் ஓர் இறங்குதுறை மாதிரியை இரவு முழுக்க ஓடவிட்ட நானும் அப்படித்தான் நினைத்தேன். 40 வினாடி அதிர்வுப் பதிவு. விடிய எழும்பிப் பார்த்தால் 31ஆவது வினாடியில் மெமரி எரர்.

கடைக்குப் போகமுன் ஒரு கணக்குப் போட்டேன். மாதிரியில் 4,000 முனைகள் (உறுப்புகள் சந்திக்கும் புள்ளிகள்), முனைக்கு 6 அசைவுகள் (மூன்று நகர்வு, மூன்று சுழற்சி), 0.005 வினாடி இடைவெளியில் 8,000 படிகள். மொத்தம் 19 கோடியே 20 லட்சம் எண்கள். அத்தனையையும் கணிப்பை ஓட்டும் ஓப்பன்சீஸ் மென்பொருளிலிருந்து எடுத்து, என் பைத்தன் நிரலில் ஒரு லிஸ்டில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறேன். லிஸ்டில் ஒரு தசம எண்ணுக்கு 32 பைட் போகும், ஆக 6 ஜிபிக்கு மேல். பைத்தனின் நம்பை (NumPy) நூலகம் தரும் அணியில் வைத்திருந்தால் எண்ணுக்கு 8 பைட், ஒன்றரை ஜிபியோடு முடிந்திருக்கும்.

ஆகவே முதலில் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். நினைவகக் கோடு படிப்படியாக ஏறினால் முடிவுகள் குவிகின்றன. அங்கே ரேம் வாங்குவது வீண்செலவு. பதிவு 80 வினாடியானால் அதுவும் நிரம்பும். ஓப்பன்சீஸின் ரெக்கார்டர் கட்டளை மூலம் நேரே கோப்பில் எழுதுவதே நல்லது. இடைவெளி விட்டு எழுதினால் உச்ச மதிப்பு தவறிப்போகலாம் என்பதால், நான் நான்கு தூண் தலைகளுக்கு மட்டும் ஒவ்வொரு படியையும் எழுதினேன். மற்ற முனைகளுக்கு என்வலப் ரெக்கார்டர்: கூடியது, குறைந்தது, தனி மதிப்பில் பெரியது, அவ்வளவுதான். அடுத்த இரவு அதே மடிக்கணினி 40 வினாடியையும் முடித்தது.

கோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறினால் கதை வேறு. சமன்பாடுகளைத் தீர்க்க விறைப்பு அணியை (கட்டுமானத்தின் விறைப்பைச் சொல்லும், பெரும்பாலும் சுழியங்களான எண் அட்டவணை) காரணிப்படுத்தும்போது சுழியங்கள் இருந்த இடங்களும் நிரம்புகின்றன. முப்பரிமாணத் திண்ம மாதிரிகளில் இது மிக அதிகம். அங்கே ரேமுக்குக் காசு கொடுக்கலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் பலகையோடேயே பற்றவைத்திருக்கும், கேட்டு வாங்குங்கள். காரணிப்படுத்தாமல் விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தி நெருங்கும் மறுசெய்கைத் தீர்ப்பான் நினைவகத்தை நன்றாகவே மிச்சப்படுத்தும். ஆனால் கொங்கிறீற்று நொறுங்கி விறைப்பு இறங்கத் தொடங்கும் கட்டத்தில் அவ்வகையான கான்ஜுகேட் கிரேடியன்ட் முறை விடைக்கு வந்து சேராமல் போய்விடலாம். அதை நம்பி இப்படி விறைப்பு மாறிக்கொண்டே போகும் நீண்ட நேரியலற்ற ஓட்டத்தைத் தொடங்க எனக்கு மனம் வராது.

மெய்நிகர் நினைவகத்தை, அதாவது ரேம் போதாதபோது வட்டில் எடுக்கும் இடத்தை, கூட்டுவது கடைசி வழி. எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானாலும் ரேமுக்குக் கிட்டவும் வராது. கணிப்பு நிற்காது, ஆனால் நகரவும் மாட்டாது.