கானாடுகாத்தானில் ஒரு ‘சர்வதேச’ மாநாடு: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஆங்கில இலக்கியத்தில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கிறவர்கள், கூடவே கதை கவிதை எழுதும் ஆசையும் உள்ளவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என்னுடைய 8,000 ரூபாய் போய்விட்டது. உங்களுடையதாவது மிஞ்சட்டும்.

வைகாசியில் வாட்ஸப் குழு ஒன்றில் அந்தச் சுவரொட்டி வந்தது. கானாடுகாத்தானில் ஒரு பழைய நகரத்தார் வீட்டில் மூன்று நாள். பகலில் ஆங்கில இலக்கியச் சர்வதேச மாநாடு, மாலையில் படைப்பெழுத்துப் பட்டறை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் பேராசிரியர் நேரில் வந்து, ஒவ்வொருவர் எழுதியதையும் படித்துத் திருத்துவார். கட்டுரைகள், நூல்களுக்குத் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் நூலாகும், சிறந்தவை ‘யு.ஜி.சி. கேர்’ (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல்) இதழில் வெளியாகும். பதிவுக்கு 4,500, தங்க 2,000, நூலில் இடம்பெற 1,500.

நான் காரைக்குடிக்காரி. தங்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால், இரவில் எல்லோரும் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து கதை வாசிப்பார்கள் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காக இரண்டாயிரத்தையும் சேர்த்துக் கட்டினேன். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, நடுவே திறந்த வானம். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் அப்படிப்பட்ட வீட்டுக்குள் கல்யாணப் பந்திக்கு மட்டும்தான் போயிருக்கிறேன்.

என் கட்டுரை, அப்பத்தா பாடும் தாலாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பதில் உள்ள சிக்கலைப் பற்றியது. தாய்மாமன் சீரைப் பாடும் அடிகளில் வரும் ‘அம்மான்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். சித்தப்பனையும் மாமனையும் ஒரே சொல்லால் அழைக்கிற மொழியில் அவனை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது? சுருக்கத்தை இரவு ஒன்பதரைக்கு அனுப்பினேன். பத்தேகாலுக்கு ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. மூன்று வல்லுநர்கள் பரிசீலித்தார்களாம். ‘தங்கள் ஆய்வின் சோதனை முடிவுகள் பாராட்டுக்குரியவை’ என்று எழுதியிருந்தது. தாலாட்டில் என்ன சோதனை, என்ன முடிவு? குழந்தை தூங்கிவிட்டது என்பதா? அப்போதே சிரித்தேன். சிரித்துவிட்டுப் பணத்தையும் அனுப்பினேன், கூகுள் பே வழியாக, யாரோ ஒரு தனிநபரின் கணக்குக்கு. ரசீது கேட்டதற்கு, “வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள் மேடம்” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் முப்பது பேர் அளவில் திண்ணையில் காத்திருந்தோம். பதினொன்றுக்குத்தான் கதவு திறந்தது. அமெரிக்கப் பேராசிரியர் வரவில்லை, திரையில் வந்தார். அவர் முகம் பத்து நிமிடம் அசையாமல் நின்றது, குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அவர் யார், உண்மையிலேயே எங்கே பணிபுரிகிறார் என்பதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கட்டுரை வாசிக்க ஆளுக்கு நான்கு நிமிடம். என் தாலாட்டு ‘அம்மான்’ வருவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். திருத்துவதற்காக வாங்கிய கதைகள் ஒரு பையில் கட்டியபடியே மூலையில் கிடந்தன.

சாப்பாடு நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்; சமைத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

மூன்று மணிக்கு வாசலில் பூ அலங்காரக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் என்னவென்று கேட்டேன். “மூன்று மணி வரைக்கும்தான் வாடகைக்குச் சொல்லியிருந்தார்கள் தங்கச்சி. சாயங்காலம் இங்கே நிச்சயதார்த்தம் இருக்கிறது” என்றார். மூன்று நாள் மாநாடு நான்கு மணி நேரத்தில் முடிந்தது. மற்ற இரண்டு நாளும் ‘இணையவழியில் தொடரும்’ என்று அறிவித்துவிட்டு ஒருங்கிணைப்பாளர் காரில் ஏறினார். சான்றிதழ்களை ஒரு மேசையில் குவித்து வைத்திருந்தார்கள். பெயர் எழுதும் இடம் வெற்றாக இருந்தது. நாங்களே எழுதிக்கொள்ள வேண்டுமாம். ஒரே ஒரு பேனா கைமாறிக் கைமாறி வந்தது.

நாகர்கோவிலிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த ஒரு பெண் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். தங்குவதற்கும் கட்டியிருந்தாள். அவளைக் காரைக்குடிக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அப்பத்தா அவளுக்குத் தோசை வார்த்துப் போட்டுவிட்டு, கேட்காமலேயே இரண்டு தாலாட்டுப் பாடியது. வளவில் நடக்க வேண்டிய வாசிப்பு எங்கள் அடுப்படியில் நடந்தது.

இரண்டு மாதம் கழித்து நூலின் பி.டி.எஃப். வந்தது. என் அப்பா தேவகோட்டையில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதியவர். எந்த எண்ணைப் பார்த்தாலும் கூட்டிப் பார்க்காமல் விடமாட்டார். ஐ.எஸ்.பி.என். எண்ணைச் சரிபார்க்கும் முறையை அவரிடம் சொன்னேன். பதின்மூன்று இலக்கங்களையும் வரிசையாக 1, 3, 1, 3 என மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், தொகை 10-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். அப்பா மனக்கணக்காகவே போட்டார். நான்கு மீதி. “ஐந்தொகை உதைக்கிறதே அம்மா” என்றார். எண்ணே பொய்! இத்தனைக்கும் இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கும் சேர்த்துத்தான் 1,500 கட்டினேன்.

‘யு.ஜி.சி. கேர்’ கதையும் அப்படியே. 2019-இல் வந்த அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி.யே கைவிட்டுவிட்டது. இப்போதும் அதைச் சுவரொட்டியில் போடுகிறவர்கள் நம் பயத்தை விற்கிறார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயமும் யு.ஜி.சி.யின் 2022 விதிகளில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம். நெறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, சக மாணவர்கள் ஓடுவதைப் பார்த்து ஓடினேன்.

கட்டணம் வாங்குவதெல்லாம் மோசடி என்று சொல்லவில்லை. துறைகள் நடத்தும் நல்ல கருத்தரங்குகளும் பதிவுக் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அங்கே கல்லூரியின் பெயரில் கணக்கு இருக்கும், ரசீது வரும், யாராவது ஒருவர் கட்டுரையைப் படித்துவிட்டு இடக்காக ஒரு கேள்வியாவது கேட்பார். எழுதுகிறவர்களுக்குக் கட்டணமில்லாத வாசல்களும் உண்டு. காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, தமிழிலேயே கதை அனுப்பலாம். சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயது வரையிலானவர்களுக்கு, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியே, 50,000 ரூபாய். ஏன், சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் திருநாள் இதே காரைக்குடியில்தான் நடக்கிறது. அங்கே கேட்க வருகிறவரிடம் யாரும் கட்டணம் கேட்பதில்லை.

பணம் போனவர்கள் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நான் மூன்று வாரம் நாகரிகம் பார்த்து, ஒருங்கிணைப்பாளருக்கு ‘ஐயா, வணக்கம்’ என்று மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. நாகர்கோவில் பெண்ணும் அவள் ஊரில் கொடுக்கிறாள்.

போன வாரம் புதிய சுவரொட்டி ஒன்று வந்திருக்கிறது. மாநாட்டின் பெயர் வேறு, ஊர் பள்ளத்தூர் என்று இருக்கிறது. ஆனால் படம் அதே முகப்பு. வலது ஓரத்தில் திண்ணைத் தூணுக்கும் சன்னலுக்கும் இடையே கட்டிய கொடியில் ஒரு சிவப்புத் துண்டு காய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்.