மூன்று கொடைக்கானல் பயணங்களும் ஒரு கியர் கம்பியும்

தேவகோட்டை நண்பர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: “நீங்கள் வைத்திருக்கும் அதே சைக்கிளை இப்போது ஆறாயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறார்கள். வாங்கிவிடட்டுமா? வரும் புரட்டாசிப் பயணத்துக்கு நானும் வருகிறேன்.” அவர் கேட்ட நேரத்தில் என் சைக்கிள் காரைக்குடியில் ஒரு கடையில் பெடல் அச்சு கழற்றப்பட்டுக் கிடந்தது. அதற்கு முதல் நாள்தான் அதன் வயிற்றிலிருந்து அரை டம்ளர் செந்நிறத் தண்ணீர் கொட்டியதைப் பார்த்திருந்தேன். அந்தக் கோபத்தில் பதில் சொல்லக் கூடாது என்று, “எழுதி அனுப்புகிறேன்” என்றேன். ஒரு வாரம் ஆகியும் கோபம் முழுதாகத் தணியவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

எடை எவ்வளவு, எத்தனை கியர் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். மூன்று ஆண்டுகள் ஓட்டியவன் சொல்ல வேண்டியது வேறு.

முதலில் நாங்கள் போகும் பயணத்தைச் சொன்னால்தான் என் கோபத்தின் அளவு புரியும். ஆண்டுதோறும் காந்தி ஜெயந்தியை ஒட்டி வரும் விடுமுறையில் பதினான்கு பேர் காரைக்குடியிலிருந்து கொடைக்கானலுக்குப் புறப்படுகிறோம். ஏறக்குறைய 200 கிலோமீட்டர், மூன்று நாள். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்காகப் பணம் திரட்டுகிறோம். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை கிராமத்திலிருந்து போய்வர வண்டிச் செலவு இருக்கிறது. துணைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. அந்த இரண்டுக்கும்தான் இந்தப் பணம். வியாபாரத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்துவைக்கும் மகமை என்ற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று எங்கள் ஒவ்வொருவர் பெயரிலும் எழுதிக்கொள்கிறார்கள். அதனால் சைக்கிள் ஓடாமல் நின்ற ஒவ்வொரு கிலோமீட்டரும் எனக்கு யாரோ ஒருவருடைய பஸ் டிக்கெட்டாகத்தான் தெரியும்.

இனி நியாயமாக, நல்லதைச் சொல்கிறேன். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று போகும் முதல் நாள் பாதை, தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் காவடியோடு நடக்கும் பாதை. தார் நன்றாக இருக்கும் இடமும் உண்டு, ஓரம் அரித்துச் செம்மண்ணும் சரளையுமாகக் கிடக்கும் இடமும் உண்டு. இந்த அகன்ற டயர்கள் இரண்டையும் ஒன்றுபோல் கடக்கின்றன. சீமைக் கருவேல முள் எந்த டயரையும் விட்டுவைக்காது. எனக்கும் ஒன்பது பங்சர் ஆகியிருக்கிறது. அதற்காக டயரைக் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டினாலும் தோளும் மணிக்கட்டும் வலித்ததில்லை.

மூன்றாம் நாள்தான் இந்தச் சைக்கிளின் அருமை தெரியும். வத்தலக்குண்டு தாண்டி மலைச்சாலை தொடங்கினால், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்வரை ஏற்றம்தான். மூச்சை அடைக்கும் செங்குத்து அதிகம் இல்லை, ஆனால் அது முடிவதே இல்லை. முன்னால் 30 பல், பின்னால் 34 பல் என்ற கியரில் வைத்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாது. அத்தனை இலகு. ஐம்பத்திரண்டு வயதில் நான் சீட்டை விட்டு எழாமல் டம்டம் பாறை வரை ஏறினேன். கீழே வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே பனிமூட்டத்தில் முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. நான்காம் நாள் காலையில் மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது டிஸ்க் பிரேக் இரண்டு விரலுக்குக் கட்டுப்பட்டது. இந்த விலையில் இப்படி ஒரு பிரேக்கை எதிர்பார்க்கவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும்போது அதை மனதார நினைத்துக்கொண்டேன்.

இப்படியெல்லாம் இருக்கிற ஒரு வண்டியில் கியர் கம்பியை எதற்காக ஃபிரேமுக்குள் ஒளித்து வைக்க வேண்டும்?

பார்க்க அழகாக இருக்கிறது என்பதைத் தவிர இன்றுவரை எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஹேண்டில்பாரிலிருந்து வரும் கம்பி கீழ்க்குழாயில் உள்ள ஒரு துளைக்குள் புகுந்து, பெடல் அச்சுக்கு அருகே போய், பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியே வருகிறது. அந்த முதல் துளை முன்சக்கரம் தண்ணீரை வாரி அடிக்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. ரப்பர் மூடி ஒன்று இருக்கிறது; ஒரு கோடை வெயிலில் காய்ந்ததும் அது சுருங்கிவிட்டது. புரட்டாசியில் எங்கள் பகுதியில் பகலெல்லாம் வெயில் கொளுத்தும், மாலையில் இடியோடு மழை கொட்டும். சாலையோரச் செம்மண் கரைந்து துளை வழியே உள்ளே போகிறது. அதோடு முடிவதில்லை. கீழே சூடாக இருந்த ஈரக்காற்று குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. மலை ஏறி வெளியே குளிர்ந்ததும் அது உள்ளேயே நீராகப் படிகிறது. நுண்ணிய செம்மண்ணும் நீரும் எண்ணெயும் சேர்ந்தால் பசைதான். அந்தப் பசைக்குள் தடிமன் ஒன்றேகால் மில்லிமீட்டர்கூட இல்லாத கம்பி ஓடியாக வேண்டும்.

ஒன்பது பல்சக்கரங்களில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம் 4.35 மில்லிமீட்டர். கம்பி கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் செயின் இரண்டுக்கும் நடுவில் நின்று தடுமாறும். பெரிய சக்கரத்துக்கு ஏற்றுவது நம் கைப் பலம், முரட்டுத்தனமாக இழுத்தால் ஏறிவிடும். சிறிய சக்கரத்துக்கு இறங்குவது பின்னால் இருக்கும் சுருள்வில்லின் பலம் மட்டுமே. பசையை எதிர்த்து இழுக்க அதற்குச் சக்தி போதாது. விளைவு என்ன தெரியுமா? பெருமாள்மலை அருகே சாலை சற்றுச் சமமாகும் இடத்தில் எல்லோரும் வேகம் எடுப்பார்கள். நான் ஏற்றத்துக்குப் போட்ட கியரிலேயே மாட்டிக்கொண்டு, கால்கள் வெறுமனே சுழல, பின்தங்கிவிடுவேன்.

முதல் ஆண்டு இவ்வளவுதான். இரண்டாம் ஆண்டு வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகே கம்பி அறுந்தே போனது. கம்பி அறுந்தால் செயின் தானாக மிகச் சிறிய சக்கரத்துக்கு இறங்கிவிடும். ஏற்றத்தில் அந்தக் கியரை மிதிக்க என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மாற்றுக் கம்பி பையில் இருந்தது. ஆனால் மழையில், சாலையோரத்தில், ஒரு துளையில் விட்ட கம்பியை இன்னொரு துளையில் வெளியே வரவழைப்பது எங்கள் யாராலும் முடியவில்லை. முக்கால் மணி நேரம் முயன்றோம். பதின்மூன்று பேர் நனைந்துகொண்டு நின்றார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கடைசி 8 கிலோமீட்டரை நான் பின்னால் வந்த வேனில் கடந்தேன். பணம் எழுதியிருந்தவர்கள் முழுத் தூரத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். பள்ளத்தூர் அப்பத்தா மட்டும், “வேனில் வந்ததுக்கும் சேர்த்துத்தான் எழுதிக்கொள்” என்று கூடுதலாக இரண்டு நூறு ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்து அழுத்தினார். அந்தத் தாள்களை வாங்கியபோது இருந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மூன்றாம் ஆண்டு புறப்படும் முன்பே புதுக் கம்பி போட்டேன். முதல் நாள் மாலை நத்தத்துக்கு முன்னால் பிடித்த மழை அதை முடித்துவிட்டது. மலைச்சாலையில், யாரும் தொடாமலே செயின் சக்கரம் விட்டுச் சக்கரம் தாவியது. நான் திடீரென்று நின்றதில் பின்னால் வந்த ஆசிரியை என் சக்கரத்தில் மோதி விழுந்தார். முழங்கை சிராய்த்துக்கொண்டது. “பரவாயில்லை அண்ணன், நான்தான் நெருங்கி வந்துவிட்டேன்” என்றார். அவர் மேல் தவறு இல்லை.

அப்பத்தாவின் பள்ளத்தூர் வீட்டில் மழை வீட்டுக்குள்தான் பெய்யும். நான்கு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தைப் பார்த்தே இறங்குகிறது. அண்டாக்களை வைத்துப் பிடித்தது போக, மீதி நீர் முற்றத்து மூலையில் உள்ள துளை வழியே வெளியேறிவிடும். எத்தனை அடைமழையிலும் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுக்குள் ஒரு சொட்டு ஏறியதில்லை. நீரை உள்ளே விட்ட கொத்தனார் அது போகும் வழியை முதலில் யோசித்திருக்கிறார். இந்த ஃபிரேமை வரைந்தவருக்கு அந்த முற்றத்தை ஒருமுறை காட்ட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

பயணம் முடிந்து வந்தபிறகு, வீட்டு முகப்பில் சைக்கிள் நிற்கும் இடத்தில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலை மேல் துரு நிறத்தில் ஒரு கறை விழுந்தது. எலுமிச்சைக்கும் போகவில்லை, தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை. கூடவே பெடல் மிதிக்கும்போது அரைபடும் சத்தம். வாங்கிய இடத்தின் சர்வீஸ் மையத்துக்கு மதுரை வரை கொண்டுபோனேன். மழையில் ஓட்டியதால் வந்த சேதம், உத்தரவாதத்தில் வராது என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். சாலையில் ஓட்டத்தானே சைக்கிள் விற்கிறார்கள்? சாலையில் மழை பெய்யாதா?

காரைக்குடிக் கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். பெடல் அச்சைக் கழற்றியதும் அந்த அரை டம்ளர் நீர் கொட்டியது. பேரிங் குண்டுகள் துருவேறிப் பொடியாகியிருந்தன. அவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, “தண்ணீர் வடிய அடியில் துளை வைத்திருக்கிறார்கள், தம்பி. மண் அடைத்துக் கல்லாகிவிட்டது” என்றார். ஊசியால் குத்தி எடுத்தார். எனக்குத் திகைப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினேன். மழையில் ஓட்டினால் சீட் குழாயைக் கழற்றி வடியவிடவும், அடித்துளையைச் சுத்தம் செய்யவும் என்று ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. மூன்று ஆண்டுகளில் நான் ஒருமுறையும் செய்யவில்லை. பேரிங் போனதில் பாதிப் பழி என்னுடையது. கம்பி விஷயத்தில் நான் ஒரு பழியும் ஏற்க மாட்டேன்.

கம்பியை உள்ளே செலுத்தும் வித்தையையும் அவரிடம்தான் பார்த்தேன். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் குழாய்க்கு வெளியே பிடித்து நகர்த்தினார். ஃபிரேம் அலுமினியம் என்பதால் காந்தம் அதில் ஒட்டவில்லை, உள்ளே இருந்த கம்பியின் நுனி காந்தத்தின் பின்னாலேயே வந்தது. இரண்டு நிமிடம். போட்டுக் காட்டிவிட்டு, உடனே உருவி எடுத்தார். “உள்ளே வேண்டாம்” என்று சொல்லி, முழு நீளத்துக்கும் வெளியுறை போட்டு, கீழ்க்குழாயின் அடியில் பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டினார். பழைய துளைகளை ட்யூப் துண்டால் அடைத்தார். கூலி 250 ரூபாய் கேட்டார். நான் கூடுதலாக நீட்டியதை வாங்க மறுத்துவிட்டார்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். பிரேக்கையும் கியர் விகிதத்தையும் பற்றி மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் குறைக்க மாட்டேன், ஆனாலும் வாங்காதீர்கள். ஆறாயிரம் குறைந்தாலும், பன்னிரண்டாயிரம் குறைந்தாலும். கம்பி வெளியே ஓடும் வண்டியாகப் பாருங்கள், அரைக் கிலோ எடை கூடினால் கூடட்டும். எதை வாங்கினாலும் கடையிலேயே கவிழ்த்து வைத்து, பெடல் அச்சின் அடியில் துளை இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

என்னுடையதை நான் விற்கவில்லை. வரும் புரட்டாசிக்கும் அதுதான். கடையிலிருந்து எடுத்த அன்று மாலை குன்றக்குடி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது சக்கரங்களிலும் செயின் தயங்காமல் ஏறி இறங்கியது. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சைக்கிளை முகப்பில் நிறுத்தி, துளைக்கு நேர் கீழே ஒரு வெள்ளைத் துணியை மடித்து வைத்தேன். காலையில் துணி நனைந்திருந்தது. சிவப்பு இல்லை.