உப்புவெளியில் ஒரு வேர்வைப் பெட்டி: இரண்டு வருடத்துப் பாடு

போன கிழமை என் சோனா, அதாவது உள்ளே இருந்து வேர்க்கும் சூட்டுப் பெட்டி, நின்றுபோனது. உள்ளே லைட் எரிகிறது, சூடு ஏறவில்லை. கரண்ட் வேலை பார்க்கும் தம்பி வந்து மேல்பலகையைக் கழற்றினால், போர்டில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பல்லி கருகி, கருவாடு மாதிரிக் காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது. போர்ட் மாற்ற ஆகும் காசு, நான் பெட்டியை வாங்கிய விலையில் மூன்றில் ஒன்று. அந்தக் கடுப்பில் இருக்கும்போதுதான் தம்பலகாமத்துக் கூட்டாளி போன் எடுத்தான். "மச்சான், இன்ஃப்ராரெட் சோனா பாதி விலைக்குப் போட்டிருக்கிறாங்கள். வாங்கட்டா?"

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், தூசணத்தைக் கழித்துவிட்டு.

என்னுடையது ஒராள் பெட்டி, 1600 வாட். நிலாவெளியில் ஒரு விடுதியை மூடும்போது மலிவாகக் கிடைத்தது. இறக்கிய அன்று மனுசி சொன்னது: "வெளியில கச்சான் காத்து அடிக்குது, நீங்கள் காசு குடுத்து வேர்க்கப் போறீங்களோ? கன்னியாவில ஏழு கிணறு சுடுதண்ணியோட கிடக்கு."

நியாயமாகப் பேசுவதென்றால், முதுகுக்கு இது நல்ல சாமான். மோட்டார் சைக்கிளில் ஓடி ஓடி இறுகிப்போன இடுப்பு, 15 நிமிடத்தில் இளகிவிடும். அன்று இரவு நித்திரையும் நன்றாக வரும். மீதிக் கதையெல்லாம் விற்கிறவர்களின் கதை. நச்சு வெளியேறுமாம்! வேர்வை என்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவு அகற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும். நிறை அரைக் கிலோ குறைந்தது, இரண்டு போத்தல் தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்தது.

60 பாகை காட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். என்னுடையதும் இன்ஃப்ராரெட்தான்; அந்தக் கதிர் காற்றைவிட உடம்பைத்தான் நேராகச் சுடவைக்கிறது. நான் 45இல் ஏறிவிடுவேன்.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. சூடு ஏறுவது பிரச்சினையே இல்லை, இறங்குவதுதான் பிரச்சினை. சோனாவின் சொந்த ஊர் பின்லாந்து; அங்கே ஒருவன் கதவைத் திறந்தால் பனி. நான் திறந்தால் சித்திரை மாதத்துத் திருகோணமலை. காற்று அசையாது, அசைந்தாலும் ஈரம். வேர்வை வழிவதால் உடம்பு குளிராது, அது காய்ந்து போனால்தான் குளிரும். இங்கே எங்கே காய்வது? துவாயால் துடைக்கத் துடைக்க ஊறுகிறது. குளித்துவிட்டு வந்து சாரத்தை மாற்றினால் இடுப்புப் பட்டி ஈரம். ஒருநாள் மணிக்கூடு பார்த்தேன்: உள்ளே இருந்தது 20 நிமிடம், வேர்வை நின்றது 50 நிமிடம் கழித்து. ஃபேனுக்கு முன்னால் மாடு மாதிரி நின்றேன். மனுசி பார்த்துக்கொண்டே போனாள், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மோசம்.

வேடிக்கை என்னவென்றால், கச்சான் காலத்தில் இவ்வளவு பாடு இல்லை. சூடுதான், ஆனால் காய்ந்த காற்று, வேர்வையை இழுத்துக்கொண்டு போய்விடும். இருந்தாலும் விடிய 5 மணிக்குமேல் நான் ஏறுவதில்லை.

இரண்டாம் மாதம் ஒரு பிழை விட்டேன். பின்னேரம் தண்ணீர் குடிக்காமல் ஏறி, பாட்டுக் கேட்டபடி 35 நிமிடம் இருந்துவிட்டேன். எழும்பியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது; கதவுக் கைபிடியைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டேன். கிளினிக்கில் டொக்டர் ஏசினார். சூட்டில் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் விரியும், பிரஷர் விழும். நான் போடுவதும் பிரஷர் குறைக்கும் குளிசை. இப்போது 15 நிமிடம்தான், போனில் அலாரம் வைத்து. முதலில் கதவைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் இருந்த இடத்திலேயே இருப்பேன், பிறகுதான் எழும்புவேன். வீட்டில் ஆள் இல்லாத நேரம் ஏறமாட்டேன். குடித்திருந்தால், காய்ச்சல் என்றால், பக்கமே போவதில்லை. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கிட்டவே வரக்கூடாது.

கரண்டைப் பற்றியும் ஒரு சொல். கிட்டத்தட்ட 7 ஆம்பியர் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் வயரில் கொடுத்தேன், பிளக் இளகி மணத்தது. இப்போது தனி வயர், 13 ஆம்பியர் பிளக், ட்ரிப் சுவிட்ச். ஒருமுறைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போகிறது. பிணைச்சல் ஆணிகளைக் கடல் காற்று தின்கிறது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் மார்கழியைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். வாடை அடிக்கும், மூன்று நாள் விடாத மழை, வீட்டில் உடுப்பெல்லாம் புழுங்கல் மணம். விடியற்காலை உள்ளே ஏறிக் குந்தினால் தகரத்தில் மழை கொட்டுவது கேட்கும், முழங்கால்வரை மெல்லச் சுடும். வெளியே வந்து விறாந்தையில் நின்றால் பத்தே நிமிடத்தில் வேர்வை அடங்கிவிடும். அந்த நேரம் இதை யாராவது இரண்டு மடங்கு விலைக்குக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

கூட்டாளிக்கு என்ன சொன்னேன்? வாங்காதே என்றேன். சீனி வருத்தம் அவனுக்குப் பத்து வருடமாக. போன வருடம் கால் செருப்பு கழன்றதே தெரியாமல் சந்திவரை நடந்து வந்தவன். அந்தப் பெட்டியில் கெண்டைக்காலுக்கு நேரே ஒரு சூட்டுத் தகடு இருக்கிறது. சுடுவது தெரியாத கால் அதற்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது.

அவனுக்குக் கோபம். "அப்ப உன்டைய வித்துப் போடன்" என்றான்.

மார்கழி முடியட்டும் என்றேன். போன வருடமும் அதைத்தான் சொன்னேன்.